பனி பெய்யாத ஊரில் கண்ணுக்குத் தெரியாத மனிதன்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய ‘தி இன்விசிபிள் மேன்’ நாவலைத் தமிழில் 80 நிமிட மாயக்கதைப் படமாக எடுக்க நினைக்கிறீர்கள். கையில் 60,000 ரிங்கிட் இருக்கிறது. கதையை ஒரு கற்பனை அரசின் காலத்துக்கு மாற்றி, கோலாலம்பூரில் ஓர் அரங்கை 12 நாள் வாடகைக்கு எடுத்து, அரண்மனையிலிருந்து காடு வரை எல்லாவற்றையும் பச்சைத் திரைக்கு முன்னால் எடுத்து, பின்னணியைப் பிறகு கணினியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டர்வொர்த்தில் இருக்கும் உங்களுக்குப் பினாங்கிலேயே எடுக்க வழி உண்டா, நூலின் உரிமையை யாரிடம் வாங்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளும் கூடவே இருக்கின்றன. ஆனால் கடைசி வரியில், பார்க்கிறவர்கள் சிரித்துவிடக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். மற்றவற்றுக்கும் போகிற வழியில் விடை சொல்கிறேன்.

நான் பினாங்கில் பிறந்தவன். 21 ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களுக்கும், தொலைக்காட்சிக்கென்றே எடுக்கும் படங்களான டெலிமூவிகளுக்கும் படத்தொகுப்பும் காட்சி விளைவு வேலையும் செய்து வருகிறேன். எடுத்துக்கொண்டு வந்த காட்சிகளை உட்கார்ந்து சரிசெய்யும் இடத்தில் இருந்தே இதை எழுதுகிறேன். ஆகவே கேமராவுக்குப் பின்னால் நடக்கும் வேலையைப் பற்றி நான் உறுதியாகச் சொல்வதை நீங்கள் நம்பலாம். பணத்தைப் பங்கிடுவது பற்றிச் சொல்வது என் கணிப்பு. சட்டம் பற்றிச் சொல்வது அடிப்படை மட்டுமே. கையெழுத்து போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழித்துவிடுங்கள்.

உரிமையை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் இதில் நல்ல செய்திதான் இருக்கிறது. வெல்ஸ் 1946 ஆகஸ்ட்டில் இறந்தார். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்துப் படைப்புக்கு ஆசிரியர் இறந்த பிறகு 50 ஆண்டுகள் உரிமை. அது 1996 முடிவில் தீர்ந்துவிட்டது. இந்தியாவில் 60 ஆண்டுகள், பிரிட்டனில் 70 ஆண்டுகள் என்று கணக்கிட்டாலும் 2006இலும் 2016இலும் முடிந்துவிட்டது. நாவலிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நாவல் வேறு, அதை வைத்து 1933இல் ஹாலிவுட்டில் வந்த படம் வேறு. கட்டுப்போட்ட முகமும், பக்கங்கள் அடைத்த நீலக் கண்ணாடியும், ஒட்டவைத்த பளபளப்பான மூக்கும் வெல்ஸ் எழுதியவை. அவை உங்களுக்கும் சொந்தம். கதாநாயகனுக்கு ஃபிளோரா என்ற காதலியும், அவனைப் பைத்தியமாக்கும் மோனோகேன் என்ற மருந்தும் படத்துக்காகச் சேர்த்தவை. அந்தப் படம் அமெரிக்காவில் 2028 முடியும்வரை உரிமைக்குள் இருக்கிறது. நீங்கள் இணையத்தில் வெளியிட்டால் அங்கேயும் பார்ப்பார்கள் என்பதால் இரண்டையும் தொடாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பு எதையாவது வைத்து வசனம் எழுதுவதாக இருந்தாலும் கவனம் வேண்டும்; மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனிக்கணக்கு. மூல நூலைப் படித்து உங்கள் தமிழில் எழுதுங்கள்.

இதில் அலட்சியம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. வெல்ஸின் நாவல் வந்த அதே 1897இல்தான் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வும் வந்தது. 1922இல் ஒரு சிறிய ஜெர்மன் நிறுவனம், பெயர்களை மட்டும் மாற்றி, உரிமை வாங்காமல் அதை ‘நோஸ்ஃபெராட்டு’ என்று படமாக்கியது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். 1925இல் பிரதிகளையெல்லாம் அழிக்கும்படி தீர்ப்பு வந்தது. தப்பிய சில பிரதிகளால்தான் இன்று அந்தப் படம் நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் நான் அதைக் குறிப்பிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடப்பான். கடைசியில் கத்தியால்தான் சாவான். விடியல் வெளிச்சம் பட்டு ரத்தக்காட்டேரி மறைந்துபோவது அந்த ஏழைப் படத்தின் கண்டுபிடிப்பு. ஜன்னல், வெளிச்சம், ஒரு நடிகர், இவ்வளவுதான் அந்தக் காட்சிக்குத் தேவைப்பட்டன. பிறகு வந்த நூற்றுக்கணக்கான படங்கள் அதையே நாவலின் விதி போல எடுத்துக்கொண்டன. மறுகற்பனை என்று நீங்கள் சொல்வது இந்த மாதிரி அமைய வேண்டும் என்று நான் விரும்புகிறேன். கதையை மாற்றுகிற அந்த மாற்றமே செலவைக் குறைக்க வேண்டும்.

நீங்கள் நினைத்திருக்கும் மாற்றமோ செலவைப் பல மடங்காக்குகிறது. அரசர் காலம் என்றவுடன் உடை, நகை, ஆயுதம், குதிரை, கூட்டம் எல்லாம் வந்துவிடும். பச்சைத் திரை அவற்றில் எதையும் குறைக்காது. பின்னணியை மட்டுமே தள்ளிப்போடும். தள்ளிப்போட்ட பின்னணியை யாராவது ஒருவர் பிறகு உட்கார்ந்து உருவாக்கித்தான் ஆக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டெலிமூவிக்காக அம்மன் காட்சி தரும் பகுதியைப் பச்சைத் திரைக்கு முன்னால் எடுத்து என்னிடம் அனுப்பினார்கள். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். அரங்கு குறுகலானது, நடிகை திரையிலிருந்து நான்கடி தூரத்தில் நின்றிருந்தார். பட்டுச்சேலையின் சரிகை, ஒட்டியாணம், கைவளை, நெற்றிச்சுட்டி, மினுங்கும் பொருள் அத்தனையிலும் திரையின் பச்சை பிரதிபலித்திருந்தது. கணினியில் பச்சையை நீக்கியவுடன் ஒட்டியாணம் துளைவிழுந்து, அதன் வழியாகப் பின்னணி மலை தெரிந்தது. அவிழ்த்துவிட்ட கூந்தலின் ஓரங்கள் கத்தரித்த காகிதம் போல நின்றன. இரண்டரை நிமிடக் காட்சிக்கு நானும் இன்னொருவரும் மூன்று வாரம் செலவழித்தோம். ஒளிபரப்பானபோது என் அக்கா, ‘ஏன் தம்பி, சாமி ஸ்டிக்கர் மாதிரி இருக்கு?’ என்றுதான் கேட்டார். அங்கே நடிப்பிலோ கதையிலோ குறை இல்லை. நடிகைக்கும் மலைக்கும் ஒரே சூரியன் இல்லை, அவ்வளவுதான். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண்ணுக்கு அது உடனே பட்டுவிடுகிறது. நீங்கள் பயப்படும் சிரிப்பு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே அரண்மனையை விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. நாவலை இன்றைய பினாங்குக்குக் கொண்டுவாருங்கள். வெல்ஸும் தம் கதையை எந்த மாய உலகத்திலும் வைக்கவில்லை. பிப்ரவரி மாதத்தில், பனி பெய்யும் ஒரு நாளில், இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றின் சத்திரத்துக்கு, முகமெல்லாம் கட்டுப்போட்ட ஒருவன் வந்து அறை கேட்பதில்தான் தொடங்குகிறார். சத்திரக்காரம்மாவின் சமையல், ஊர்வம்பு, வாடகைப் பாக்கி என்று எல்லாம் அன்றாட விஷயம். அந்த அன்றாடத்துக்கு நடுவே நடக்கவே முடியாத ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத் தவிர வேறு எதற்கும் நீங்கள் மாயம் செய்யத் தேவையில்லை.

நாவலை இன்னொரு முறை, ஒரு பென்சிலோடு படித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதவனைப் பற்றிய கதை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் வெல்ஸ் பக்கத்துக்குப் பக்கம் எழுதுவது அவன் எப்படியெல்லாம் தெரிந்துவிடுகிறான் என்பதையே. சாப்பிட்ட உணவு செரிக்கும்வரை வயிற்றில் தெரியும். சுருட்டுப் பிடித்தால் வாயும் தொண்டையும் மூக்கும் புகை வடிவில் தெரியும். மழையில் நின்றால் மனித உருவில் ஒரு நீர்க்குமிழி போலப் பளபளப்பான். மூடுபனியிலும் மங்கலாகத் தெரிவான். பனி மேலே படிந்தால் மாட்டிக்கொள்வான். லண்டனில் சேறு மிதித்த அவன் வெறுங்காலின் தடத்தைத் தெருப் பையன்கள்தான் கண்டுபிடித்துத் துரத்துகிறார்கள். முதலில் அவன் சோதித்துப் பார்த்த பூனையும் முழுக்க மறையவில்லை. அதன் கண்ணின் பின்புறமும் நகங்களும் மிஞ்சின. இந்தப் பட்டியலில் ஒன்றுகூட பணம் கேட்பது இல்லை. எல்லாம் ஒரு பொருள் இன்னொரு பொருளின்மேல் படிவதுதான்.

இப்போது பினாங்குக்கு வாருங்கள். இங்கே பனி கிடையாது. பனிக்குப் பதிலாக அவனை எது காட்டிக்கொடுக்கும் என்ற கேள்விக்கு நீங்கள் தேடும் பதில்களே உங்கள் மறுகற்பனை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வாசலில் போட்ட கோலத்தை அவன் மிதித்துவிடுவான். வெள்ளிக்கிழமை மாலையில் கடைக்குள் காட்டும் சாம்பிராணிப் புகை அவன் நிற்கும் இடத்தில் மட்டும் விலகிச் சுழலும். கோயிலில் யாரோ தவறவிட்ட திருநீற்றுத் தட்டு அவன் தோளில் கொட்டி, காற்றில் ஒரு தோள்பட்டை மட்டும் வெள்ளையாக நிற்கும். கொசு நம்மைக் கண்ணால் மட்டும் தேடுவதில்லை. மூச்சிலிருந்து வரும் கரியமில வாயுவையும் வியர்வை நாற்றத்தையும் உடற்சூட்டையும் வைத்து வந்துவிடும். ஆகவே இருட்டு அறையில் அவன் பேசாமல் உட்கார்ந்திருக்க, அவனைக் கடித்து வயிறு நிரம்பிய கொசுக்கள் நான்கைந்து சிவப்புப் பொட்டுகளாக அந்தரத்தில் நிற்கும். உண்ட உணவு தெரியும் என்று வெல்ஸ் எழுதிய விதியின் நீட்சிதான் இது. நிலையான கேமராவில் எடுத்த காட்சியில் அந்தப் பொட்டுகளைச் சேர்ப்பது எனக்கு ஒரு பிற்பகல் வேலை.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தைப்பூசம் இருக்கிறது. இரதம் வரும் வழியெல்லாம் மலைபோல் தேங்காய் உடைக்கும் வழக்கம் பினாங்கில் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடைத்து முடிந்த சில நிமிடங்களுக்குச் சாலை முழுவதும் இளநீரும் சிரட்டைச் சில்லுமாகக் கிடக்கும். நாவலில் அவன் உடையில்லாமல், செருப்பில்லாமல்தான் நடமாட முடியும். அதனால்தான் குளிர் அவனை வாட்டுகிறது. நம் ஊரில் குளிர் இல்லை. ஆனால் வெறுங்காலோடு அந்தச் சிரட்டைச் சாலையைக் கடக்க வேண்டியிருந்தால்? சில்லுகள் ஒவ்வொன்றாக நசுங்கி விலகுகின்றன. தேங்கிய நீரில் வட்டம் வட்டமாக அலை எழுகிறது. பிறகு வெள்ளைத் தேங்காய்த் துண்டின்மேல் ஒரு துளி ரத்தம். இதை உண்மையான திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே எடுக்க முயலாதீர்கள். அது நம் மக்களின் வழிபாட்டு நேரம், இடைஞ்சல் செய்யக் கூடாது. துப்புரவுத் தொழிலாளர்களும் மிக விரைவாகச் சாலையைச் சுத்தம் செய்துவிடுவார்கள். முறையாக அனுமதி கேட்டு, ஒதுங்கி நின்று, பொதுவான காட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கும் காட்சியை வேறொரு நாளில், ஏதாவது ஒரு பின்சந்தில், 12 அடி நீளத்துக்குத் தேங்காய் உடைத்துப் போட்டு எடுங்கள். சிரட்டைகளில் மீன்பிடிக்கப் பயன்படும் தங்கூஸ் நரம்பு கட்டி இழுக்க இரண்டு பேர் போதும். நரம்பு பளபளக்காமல் இருக்க அதன்மேல் கறுப்பு மார்க்கரை இழுத்துவிட்டு, எதிர்வெளிச்சம் படாத திசையில் கேமராவை வையுங்கள்.

காலடித் தடத்துக்கு 1933 படத்தில் செய்த முறையை இன்றும் அப்படியே செய்யலாம். அதன் காட்சி விளைவுகளைச் செய்த ஜான் ஃபுல்டன், தரையில் பள்ளம் தோண்டி அதன்மேல் பலகை போட்டு, பலகையில் பாத வடிவில் துளைகள் வெட்டினார். வெட்டிய துண்டுகளையே மறுபடி அந்தத் துளைகளில் பொருத்தி, கீழே முளைக்குச்சிகள் முட்டுக் கொடுத்து, குச்சிகளைக் கயிற்றில் கோத்து, மேலே செயற்கைப் பனியைத் தூவினார். கயிற்றை இழுக்க இழுக்கக் குச்சிகள் விலகி, பாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனியில் பதிந்தன. அவ்வளவு உழைத்தும் ஒரு பிழை உள்ளே புகுந்துவிட்டது: உடையில்லாமல் ஓடுகிறவனின் தடம் சப்பாத்துத் தடமாக இருக்கிறது. நீங்கள் உங்கள் நடிகரின் வெறுங்காலையே அளவெடுத்து வெட்டுங்கள். பனிக்குப் பதில் கோலமாவு. நான் வீட்டில் சோதித்துப் பார்த்தபோது அரிசி மாவு நம் ஈரக்காற்றில் ஒரு மணி நேரத்தில் கட்டிதட்டிப் போனது. கோலத்துக்கென்று விற்கும் கல்மாவு உதிரியாக நின்று விளிம்பு சுத்தமாக விழுந்தது. பலகையை இரண்டு செங்கல் உயரத்தில் வைத்தாலே குச்சிக்கு இடம் கிடைத்துவிடும், பள்ளம் தோண்ட வேண்டாம். வாசற்படியின் கோணத்தில் எடுத்தால் அந்த உயரமும் தெரியாது.

உடையணிந்தும் தலையில்லாமலும் அவன் நிற்கும் காட்சிக்குத்தான் கணினி தேவை. அங்கேயும் முறை தெரிந்தால் வேலை சிறியது. கேமராவை டிரைபாடில் பூட்டிவிடுங்கள். ஃபோகஸ், வெளிச்ச அளவு, வண்ணச் சமநிலை எதுவும் ஆட்டோவில் இருக்கக் கூடாது. நடிகருக்குப் பச்சை முகமூடியும் பச்சைக் கையுறையும் போட்டு எடுத்து முடித்தவுடன், அவர் வெளியே போன பிறகு, அதே இடத்தை வெறுமையாக ஒரு நிமிடம் எடுங்கள். பிளேட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பினாங்கில் பிற்பகல் மேகம் ஐந்து நிமிடத்தில் வெளிச்சத்தை மாற்றிவிடும் என்பதால், நடிப்புக்கு முன் ஒரு பிளேட், பின் ஒரு பிளேட் என்று இரண்டாக எடுத்துக்கொள்வது நல்லது. முக்கால்வாசிப் பேர் மறந்துவிடும் ஒன்றும் இருக்கிறது: தலையை நீக்கியவுடன் சட்டைக் காலரின் பின்புற உட்பக்கம் தெரிய வேண்டும். நடிகரின் கழுத்து அதை மறைத்திருந்ததால் அது காட்சியில் எங்கேயுமே பதிவாகியிருக்காது. அதே சட்டையை ஒரு தையற்கடைப் பொம்மையில், கழுத்துப்பகுதி இல்லாத பொம்மையில் மாட்டி, அதே வெளிச்சத்தில் அதே கோணத்தில் எடுத்துக் கொடுங்கள். இந்த ஒரு படம் இல்லாமல் என்னிடம் வந்தால், வினாடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் 10 வினாடிக்கு 240 ஃபிரேம்களில் இல்லாத காலரை நான் வரைய வேண்டியிருக்கும். ஃபுல்டன் காலத்தில் நடிகருக்குக் கறுப்பு வெல்வெட்டைப் போர்த்தி, கறுப்பு வெல்வெட் முன்னால் நிறுத்தி, பிறகு ஃபிலிமில் ஃபிரேம் ஃபிரேமாகத் தூரிகையால் திருத்தினார்கள். இப்படிப்பட்ட காட்சிகள் படம் முழுவதற்கும் பத்துக்குமேல் வேண்டாம். கேமரா நகரும் காட்சியில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

மாயக்கதை என்கிறீர்கள், வெல்ஸோ அறிவியல் சொல்கிறார். இதை எப்படி இணைப்பது என்பது உங்கள் விருப்பம். ஆனால் அவர் அறிவியலை ஒரேயடியாகத் தூக்கி எறிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் இலவசமாக ஒரு மாயம் இருக்கிறது. ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண், ஒரு பொருளுக்கும் அதைச் சுற்றியுள்ளதற்கும் ஒத்துப்போனால் ஒளி வளையாமலும் தெறிக்காமலும் நேராகப் போய்விடும், பொருள் தெரியாது என்பதே நாவலின் நாயகன் சொல்லும் தத்துவம். ஆய்வகத்தில் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடிக் குழாயின் எண் சுமார் 1.47, மருந்துக்கடைக் கிளிசரினின் எண்ணும் சுமார் 1.47. கிளிசரின் நிறைந்த ஒரு ஜாடியில் அந்தக் குழாயை மெல்ல இறக்கினால், திரவத்துக்குள் போன பகுதி கண்முன்னாலேயே இல்லாமல் போகும். காற்றுக்குமிழி ஒட்டினால் காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே குழாயைச் சாய்த்து, உள்ளும் நிரம்பும்படி இறக்க வேண்டும். சாதாரணத் தண்ணீர்க் குவளையை வைத்துச் செய்யாதீர்கள். அந்தக் கண்ணாடியின் எண் சற்றுக் கூடுதல், விளிம்பு தெரியும். உங்கள் கதையில் பழைய மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்யும் இளைஞன், தாத்தாவின் ஓலைச்சுவடியில் இருந்த அஞ்சன மையைத் தயாரிக்கிறான் என்று வையுங்கள். உடலையே மறைக்கும் மை என்பது நம் கதை மரபுக்குப் பழகியதுதான். முகம் காட்டாமல் கைகள் மட்டும் தெரிய, கரண்டிக்குப் பதில் அந்தக் கண்ணாடிக் குழாயால் அவன் கலக்குகிறான்; கலக்கக் கலக்கக் குழாய் மறைகிறது; அவன் திடுக்கிட்டு வெளியே எடுக்கிறான், குழாய் திரும்ப வருகிறது. வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். படத்தின் முதல் பத்து நிமிடத்துக்குள் இதைப் பார்த்துவிட்டவர், பிறகு வரும் மற்ற மாயங்களை நம்ப மனம் வைப்பார் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஒலியில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். தெரியாத மனிதனுக்கு உடம்பே ஒலிதான். 1933 படத்தில் கிளாட் ரெய்ன்ஸ் என்ற நடிகரைக் குரலுக்காகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர் முகம் கடைசி நொடிகளில் மட்டுமே தெரிகிறது. சிமெண்டுத் தரையில் வெறுங்கால் ஒட்டிப் பிரியும் ஒலி, பிரம்பு நாற்காலி எடை தாங்கி முனகுவது, மின்விசிறிக் காற்றில் மூச்சு மாறுவது, இவற்றைப் படப்பிடிப்பு முடிந்த இரவில் அதே இடத்தில், அதே மைக்கில் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஒவ்வோர் அறையின் வெற்று ஒலியையும் ஒரு நிமிடம் எடுத்து வையுங்கள். 60,000 ரிங்கிட்டில் குறைந்தது ஆறில் ஒரு பங்கை ஒலிக்கு ஒதுக்குவேன். அரங்கு வாடகை போய்விடுவதால் அது கைக்கு எட்டும் தொகைதான். சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கட்டுப்போட்ட முகம் இன்னொரு உதவியும் செய்யும்: நடிகர் வேலைக்குப் போயிருக்கும் நாட்களில் அதே உயரமுள்ள வேறொருவரை நிறுத்தி எடுத்துக்கொண்டு, குரலைப் பிறகு சேர்க்கலாம். நடை மட்டும் ஒன்றாக இருக்கட்டும், மக்கள் நடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதே நாவலை வைத்து 2020இல் வந்த ஹாலிவுட் படத்துக்குச் செலவு சுமார் 70 லட்சம் டாலர். அவர்கள் கணக்கில் அது சிறிய படம், நம் கணக்கில் எட்டாத தொகை. சண்டைக் காட்சிகளுக்குக் கணினி இயக்கும் கேமராக் கையெல்லாம் வைத்திருந்தார்கள். ஆனால் அதில் என்னை அதிகம் பயமுறுத்தியவை செலவில்லாத ஷாட்டுகள்: கதாநாயகி ஒரு பக்கம் நிற்க, கேமரா மெல்லத் திரும்பி ஆளில்லாத மூலையைப் பார்த்துவிட்டு அங்கேயே நிற்கும். அதைப் பினாங்கில் எங்கே செய்யலாம் என்றால், கடைத்தெருவில் விடியற்காலை, கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையான அஞ்சடியில் என்பேன். தூண்களும் வளைவுகளுமாக ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டே இருக்கும் அந்த நடையின் தூரத்து முனையை, கடைகள் திறக்காத நேரத்தில், ஒன்றும் நடக்காமல் எட்டு வினாடி காட்டுங்கள். நான் பிறந்து வளர்ந்த தெருவில் அப்படி ஒரு ஷாட்டை யாரும் எடுத்து இன்னும் நான் பார்க்கவில்லை என்பதில் எனக்கு நெடுநாள் ஆதங்கம் உண்டு.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையரங்கிலோ தொலைக்காட்சியிலோ வெளியிட நினைத்தால் மலேசியத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸின் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரில் படப்பிடிப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். உங்களுக்கு நிறுவனம் இல்லையென்றால் உரிமமுள்ள ஒருவரோடு சேருங்கள். ஜார்ஜ்டவுன் தெருக்களுக்கு மாநகர் மன்றத்தின் அனுமதியும், கடை வாசலுக்குக் கடைக்காரரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். தணிக்கை வாரியம் மாந்திரீகத்தையும் சமயக் காட்சிகளையும் கூர்ந்து பார்க்கும் என்பதால், திருநீற்றுக் காட்சியையும் தைப்பூசக் காட்சியையும் கேலியின் சாயல் சிறிதும் படாமல் எழுதுங்கள். பினாங்கில் மழை மிகுந்த செப்டம்பர், அக்டோபரில் வெளிப்புறப் படப்பிடிப்பு வைக்காதீர்கள்; மழைக் காட்சிக்கு ஒரு நாள் மட்டும் அப்போது ஒதுக்கலாம்.

கடைசிக் காட்சிக்கு நீங்கள் திட்டமிட்டிருந்த கணினி உருமாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாவலின் முடிவில் ஊர்க்கூட்டம் அவனை அடித்துக் கொன்றுவிடுகிறது. முதலில் வெள்ளை நரம்புகள், பிறகு கண்ணாடி போன்ற எலும்பு, ரத்தக்குழாய், சதை, தோல் என்று உடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்குகிறது. அதைக் காட்ட உங்களிடம் உள்ள பணம் முழுவதையும் கொட்டினாலும் போதாது. ஆனால் வெல்ஸ் அதற்குச் சில வரிகள் தள்ளி வழியையும் எழுதி வைத்திருக்கிறார்: முகத்தை மூடுங்கள் என்று ஒருவர் கத்த, ஒரு துணி கொண்டுவந்து போர்த்துகிறார்கள். நீங்கள் துணியிலிருந்து தொடங்குங்கள். வெறும் தரை தெரிகிறது. கூட்டத்தில் ஒருவர் தன் வெள்ளை வேட்டியை விரித்துப் போடுகிறார். துணி தரையில் படியாமல் நெற்றி, மூக்கு, நெஞ்சு, முழங்கால் என்று ஓர் உருவத்தின்மேல் படிகிறது. வெறும் தரையைப் பிளேட்டாக முதலில் எடுத்துவிட்டு, நடிகரைப் படுக்கவைத்து வேட்டியைப் போர்த்தி, துணி விழும் நொடியில் இரண்டையும் இணைத்தால் முடிந்தது. பிறகு அவன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, வேட்டியின் ஓரத்தைப் பிடித்து முகம்வரை இறக்கட்டும். 80 நிமிடம் குரலாக மட்டும் இருந்தவனின் முகத்தை நாம் அங்கேதான் முதன்முதலாகப் பார்க்க வேண்டும். அம்மாவாக நடிக்கிறவரிடம் அந்த ஷாட் வரை நடிகரின் முகத்தைக் காட்டாமல் வைத்திருக்க முடிந்தால் வைத்திருங்கள். ஒரே டேக்தான் கிடைக்கும், இரண்டு கேமரா வையுங்கள்.